குழாய் ரிப்பேர்காரருக்கு இணையதளம் எதற்கு?

இரவு மணி பத்து.

திருச்சி தில்லைநகரில் ஒரு வீடு. குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. கணவருக்கு மதுரையில் இருந்து மாற்றல். மிச்சச் சாமான்களை எடுத்து வர அவர் மதுரைக்குப் போயிருக்கிறார். வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும்தான்.

"படார்" என்று ஒரு சத்தம். சமையல் அறைக் குழாய் கையோடு கழன்று வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. அரிசி மூட்டை நனைகிறது. சின்னக் குழந்தை அழுகிறது. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

அந்த அம்மாள் என்ன செய்வாள்?

கையில் செல்போன் இருக்கிறது. "குழாய் ரிப்பேர், தில்லைநகர்" என்று தட்டுகிறாள். இரண்டு பெயர்கள் வருகின்றன.

ஒன்றில் போன் நம்பர் மட்டும் இருக்கிறது. யார், எவர், எந்தத் தெரு? ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு பெயரைத் தொட்டதும் ஒரு பக்கம் திறக்கிறது. வேலைக்கு வருகிறவரின் பெயரும் படமும் இருக்கின்றன. எந்தெந்தப் பேட்டைக்கு வருவார், இரவு எத்தனை மணி வரை வருவார், வந்து பார்க்க எவ்வளவு கூலி என்று எழுதி இருக்கிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "நாங்கள் வருவதற்குள், மாடித் தொட்டியில் இருந்து இறங்கும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள்." வால்வு எப்படி இருக்கும் என்று படமும் போட்டிருக்கிறது.

அந்த அம்மாள் மாடிக்கு ஓடுகிறாள். வால்வை மூடுகிறாள். தண்ணீர் நின்றுவிட்டது. அப்புறம்தான் போன் செய்கிறாள்.

எந்த நம்பருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஊர் ஊராகத் தினமும் நடக்கிற சங்கதி.

கடை இல்லாத தொழில்

ஜவுளிக் கடைக்குக் கட்டிடம் உண்டு. கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

குழாய் ரிப்பேர்காரருக்கு என்ன இருக்கிறது? ஒரு பை. ஒரு மோட்டார் சைக்கிள். அவருடைய கைத்திறமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட முடியாது. வேலை முடிந்த பிறகுதான் அவர் நல்லவரா, கெட்டவரா என்று தெரியும். கரண்டு வேலை செய்கிறவர், ஏ.சி. மெக்கானிக், கல்யாணச் சமையல்காரர், பந்தல் போடுகிறவர், வயதானவர்களை வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்சு எல்லோருக்கும் இதே நிலைமைதான்.

அது மட்டும் அல்ல. துணி வாங்க நாம் கடைக்குப் போகிறோம். இவர்கள் நம் வீட்டுக்குள் வருகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில், முன்பின் தெரியாத ஒருவரைச் சமையல் அறை வரை விட வேண்டும். "இவரை நம்பலாமா?" என்ற கேள்விக்கு, அவர் வாசல்படி ஏறுவதற்கு முன்பே பதில் கிடைக்க வேண்டும்.

முன்பு இந்தப் பதிலைச் சொன்னது யார்? தெருமுனை மளிகைக் கடைக்காரர். அடுத்த வீட்டுப் பெரியம்மா. "அந்தத் தம்பியைக் கூப்பிடு. நல்ல பையன். கூலியும் நியாயமாக வாங்குவான்" என்பார்கள். அந்தச் சிபாரிசுக்கு இணையான விளம்பரம் இன்று வரை கிடையாது.

ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவருக்குப் பெரியம்மா ஏது? பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரரின் பெயரே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள் நாளுக்கு நாள் அதிகமாகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் கையில் உள்ள செல்போனைத்தான்.

ஒரே அட்டை, 50 பேர்!

ஆள் தேடுகிறவருக்குப் பெயர் கொடுக்கும் வேலை பழைய வேலைதான்.

அமெரிக்காவில் நியூஹேவன் என்று ஒரு ஊர். 1878-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே ஒரு அட்டை அச்சாகி வந்தது. அதுதான் உலகத்தின் முதல் டெலிபோன் டைரக்டரி. மொத்தம் 50 பெயர்கள். டாக்டர்கள், பல் டாக்டர்கள், இறைச்சிக் கடை, மீன் கடை என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் நம்பரே கிடையாது! டெலிபோன் ஆபீசில் பெயரைச் சொன்னால், அங்கே இருப்பவர் இணைப்புக் கொடுப்பார்.

பிறகு தொழில்வாரியாகப் பெயர் போட்ட மஞ்சள் பக்கங்கள் வந்தன. எல்லாம் அகர வரிசை. முதலில் வருகிற பெயருக்கு முதல் போன். ஆகவே சில கில்லாடிகள் "ஏ.ஏ.ஏ. பிளம்பிங்" என்று தொழிலுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்!

இணையம் பிறந்தது அதற்கு வெகு காலம் கழித்து. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். உலகத்தின் முதல் இணையதளம் 1991-ல் அங்கேதான் வெளியானது. 1993 ஏப்ரல் 30-ந் தேதி, "இதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று செர்ன் அறிவித்துவிட்டது. விஞ்ஞானிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது. அதில் இன்று செப்டிக் டேங்க் லாரிக்காரரும் பெயர் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி.

நம் ஊரில் இன்றும் லிப்டுக்குள் ஒட்டுகிறார்கள். மின்சாரக் கம்பத்தில் ஒட்டுகிறார்கள். அடுத்தவர் மதில் சுவரில் எழுதுகிறார்கள். அனுமதி இல்லாமல் இப்படிச் சுவரைக் கெடுப்பது குற்றம் என்று 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும். கம்பத்தில் ஒட்டிய சீட்டில் பத்து இலக்க நம்பரைத் தவிர வேறு என்ன எழுத முடியும்?

வாடகை வீடு, சொந்த வீடு

"எங்களுக்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே? பேஸ்புக் பக்கம் இருக்கிறதே? தனியாக இணையதளம் எதற்கு?" என்று பல தொழிலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவை இலவசம். சுலபம். அவற்றை விட வேண்டியது இல்லை. ஆனால் அவை வாடகை வீடு. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

2021 அக்டோபர் 4-ந் தேதி என்ன நடந்தது? பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுவிட்டன. வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் எடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு மணி நேரம் போனால் போகட்டும். ஒரேயடியாக மூடிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. "ஜியோசிட்டீஸ்" என்ற இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் இலவசமாகப் பக்கம் கட்டி வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை யாஹூ கம்பெனி மூடிவிட்டது. சிறு தொழில்காரர்களுக்கென்றே கூகுள் கம்பெனி இலவசப் பக்கம் கட்டிக் கொடுத்தது. 2024 மார்ச்சு மாதம் அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த விலாசத்தைப் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தவர்கள் கதி என்ன? புதுக் கார்டு அடிக்க வேண்டியதுதான்!

வேலை பிடித்துத் தரும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றால் நிறையப் பேருக்குப் பிழைப்பு கிடைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் கமிஷன் உண்டு. 2021 அக்டோபரில் டெல்லியை அடுத்த குருகிராமில், வீடு வீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள் தங்கள் கம்பெனி அலுவலகத்தின் முன்பு உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். கமிஷன் அதிகம் என்பது அவர்களுடைய முக்கியமான புகார். கையில் வாடிக்கை இருந்தால் பேரம் பேசலாம். வாடிக்கை முழுவதும் செயலியின் கையில் இருந்தால் யாரோடு பேசுவது?

சொந்த இணையதளத்தில் கமிஷன் கிடையாது. வருகிற போன் நேராகத் தொழிலாளியின் கைக்கே வரும்.

பெயர் யார் பெயரில்?

ஏமாறுகிறவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இணையதளத்துக்கு இரண்டு செலவு. பக்கங்களைக் கட்டி, அவற்றை வைக்க இடம் பிடிப்பது ஒன்று. விலாசம் வாங்குவது இன்னொன்று. விலாசத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் ரூபாய் சொச்சம் வரை ஆகும். ".இன்" என்றோ ".காம்" என்றோ முடியும். ".இந்தியா" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் விலாசமும் உண்டு.

இப்போது ஒரு கல்யாணச் சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்த பையன் ஒருவன், "நான் எல்லாம் செய்து தருகிறேன் அண்ணே" என்கிறான். செய்தும் தருகிறான். ஆனால் விலாசத்தைத் தன் பெயரில், தன் இ-மெயிலில், தன் போன் நம்பரில் பதிவு செய்துவிடுகிறான். அவன் கெட்டவன் என்று அர்த்தம் இல்லை. அவனுக்கு அது சுலபம். அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஓடுகிறது. விலாசம் நாலு மாவட்டத்தில் பரவிவிட்டது. பையன் துபாய்க்குப் போய்விட்டான். ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி அறிவிப்பு வருகிறது. யாருக்கு? பையனின் பழைய இ-மெயிலுக்கு! யாரும் பார்க்கவில்லை. கெடு தாண்டினால் சில நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதுவும் தாண்டிவிட்டால், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். போட்டிச் சமையல்காரரே கூட வாங்கலாம். "அது என் பெயர்" என்று சமையல்காரர் சொன்னால், "அத்தாட்சி எங்கே?" என்பார்கள்.

வீடு வாங்கினால் பத்திரம் யார் பெயரில் என்று பார்க்கிறோம் அல்லவா? அதே புத்தி இங்கேயும் வேண்டும். கட்டுகிற வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். விலாசம் உங்கள் பெயரில், உங்கள் இ-மெயிலில், உங்கள் செல்போனில் இருக்கட்டும். ரகசியச் சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பணம் கட்ட வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மனைவியிடமும் சொல்லி வையுங்கள். தொழிலாளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாதத்தில்தான் கெடு வந்து தொலைக்கும்!

இன்னொரு ரக ஆசாமிகளும் உண்டு. "கூகுளில் உங்கள் பெயரை முதல் இடத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன். இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்று போனில் அழைப்பார்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் கம்பெனியே சொல்லி இருக்கிறது. பணம் கொடுத்துப் போடும் விளம்பரம் தனி. அதன் மேல் விளம்பரம் என்றே குறிப்பு இருக்கும். மற்றபடி, தேடுகிறவர் கேட்டதற்குப் பொருத்தமான தொழிலா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்தது என்று பார்த்துத்தான் அக்கம்பக்கத் தொழில்களை வரிசைப்படுத்துகிறார்கள். கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்யக் காசு கிடையாது. அதையும் செய்து, இணையதள விலாசத்தை அதில் போடுவது நல்லது.

என்ன எழுதுவது?

பல இணையதளங்களைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. டை கட்டிய வெள்ளைக்காரர் கைகுலுக்குகிறார். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதி இருக்கிறது. தொழிலோ, மோட்டாருக்குக் காயில் கட்டுவது! வெள்ளைக்காரருக்கும் காயில் கட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர் வராமல் தவிக்கிறவருக்குத் தாரக மந்திரம் தேவை இல்லை. இன்று வருவீர்களா? எங்கள் தெருவுக்கு வருவீர்களா? எவ்வளவு ஆகும்? இந்த மூன்றுக்கும் முதல் பக்கத்திலேயே பதில் வேண்டும். கூலியைச் சரியாகச் சொல்ல முடியாத வேலையாக இருந்தால், "பார்த்துவிட்டுச் சொல்வோம், பார்க்க மட்டும் இவ்வளவு" என்று எழுதலாம். செய்யாத வேலையையும் எழுதுவது நல்லது. "சோலார் ஹீட்டர் பார்ப்பது இல்லை" என்று ஒருவர் எழுதினால், மற்றதை நன்றாகப் பார்ப்பார் என்று நம்பிக்கை வரும்.

லைசென்ஸ் இருந்தால் நம்பரோடு போட வேண்டும். சமையல் காண்டிராக்டருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் நம்பர் 14 இலக்கம். கல்யாண வீட்டுக்காரர் அதை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்து உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம். கரண்டு வேலைக்காரரிடம் ஒயர்மேன் சர்டிபிகேட் இருந்தால் அதைச் சட்டைப்பையில் மறைத்து வைப்பானேன்?

படம் சொந்த வேலையின் படமாக இருக்கட்டும். பழைய துருப்பிடித்த குழாய் ஒரு படம். மாற்றிய பிறகு ஒரு படம். அடுத்தவர் வீட்டைப் படம் எடுத்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். கதவு நம்பர் தெரியக் கூடாது.

எழுத்து தமிழில் இருக்கட்டும். பெரிதாக இருக்கட்டும். பார்க்கிறவர்களில் மிகப் பலர் கையில் இருப்பது செல்போன்தான். அந்தச் சின்னக் கண்ணாடியில் படிக்க முடியாத பக்கம் இருந்தும் பயன் இல்லை. போன் நம்பரைத் தொட்டால் போன் போக வேண்டும். விலாசத்தில் பூட்டு ஏற்பாடும் முக்கியம். அது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் "பாதுகாப்பானது அல்ல" என்று காட்டி வருகிறது. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் பயந்து திரும்பிவிடுவார்கள். பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது. கட்டித் தருகிறவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பொய் நம்பர்

பிரிட்ஜ் ரிப்பேர், வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று தேடும்போது மோசடி ஆசாமிகளின் நம்பரும் வருவது உண்டு. பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். "பத்து ரூபாய் மட்டும் முன்பணம் அனுப்புங்கள்" என்பார்கள். ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்வார்கள். ஓ.டி.பி. கேட்பார்கள். சொன்னால் பேங்குப் பணம் மொத்தமும் காலி! அப்படிப் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

இதனால் நஷ்டம் நேர்மையான தொழிலாளிக்கும்தான். சனங்கள் எல்லா நம்பரையும் சந்தேகப்படுகிறார்கள். "நாங்கள் ஓ.டி.பி. கேட்க மாட்டோம். வேலை முடிந்த பிறகே பணம். எங்கள் நம்பர் இது ஒன்றுதான்" என்று சொந்த இணையதளத்தில் போட்டு வைத்தால் சந்தேகம் தீரும்.

யாருக்கு வேண்டாம்?

எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், இல்லை. நாலு தெருவுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல்கார அம்மாள், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே "இனி துணி வாங்குவது இல்லை" என்று சொல்கிறாள் என்றால், அவளுக்கு இணையதளம் எதற்கு? வருகிற வேலையைச் செய்யவே கை போதவில்லை. ஒழுங்காக வேலை செய்யாதவருக்கும் வேண்டாம். அவருடைய கெட்ட பெயர் இன்னும் நாலு பேருக்குச் சீக்கிரம் தெரியும். அதுதான் பலன்.

அதிகமாக வேண்டியவர்கள், வாடிக்கைக்காரர் தூரத்தில் இருக்கும் தொழில்காரர்கள். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டைப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரிகளுக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர் லாரிகள் வட மாநிலங்கள் வரை போய்த் துளை போடுகின்றன. லாரியின் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் போன் நம்பரும் பெரிதாக எழுதி இருக்கும். லாரி போகிற பாதையில் நிற்கிறவருக்கு அது தெரியும். பாதையில் இல்லாத மத்தியப் பிரதேசத்து விவசாயிக்கு எப்படித் தெரியும்? எத்தனை அடி போகும், அடிக்கு என்ன கூலி, தண்ணீர் வராவிட்டால் என்ன கணக்கு என்று இந்தியில் ஒரு பக்கமும் தெலுங்கில் ஒரு பக்கமும் இருந்தால், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே படிப்பார்.

வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அப்படித்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தஞ்சாவூர் வீட்டில் அம்மாவின் தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டது என்று போன் வருகிறது. அவர் அங்கே இருந்தபடி ஆள் தேடுகிறார். பக்கத்தில் போய் விசாரிக்க முடியாது. படித்துப் பார்க்கக் கிடைப்பதை வைத்துத்தான் ஒருவரை அம்மா இருக்கும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கம்ப்யூட்டர் தெரியாத தொழிலாளி எங்கே ஆரம்பிப்பது? ஒரு வெள்ளைத் தாள் போதும். மேலே பெயர். அதற்குக் கீழே செய்யும் வேலை, வருகிற பேட்டைகள், நேரம், கூலி, போன் நம்பர். எழுதி முடித்ததும் வீட்டில் ஏழாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் "இது என்னப்பா?" என்று கேட்கிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். கேள்வி கேட்காமல் கடைசி வரை படித்துவிட்டால், அந்தத் தாளை அப்படியே இணையதளம் கட்டுகிறவரிடம் கொடுக்கலாம்.